இல்லாத காருக்குக் காப்பீடு

சவ வண்டி புறப்படத் தயாராக நின்றது. ஊர்வலத்தில் வரும் கார்கள் எல்லாம் பட்டப்பகலில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு தேவாலயத்தின் பின்பக்கம் வரிசை கட்டியிருந்தன. ராய்ஸ் தன் தங்கை கெண்ட்ராவிடம் வந்து, செத்துப்போன அம்மாவின் கார் சாவியை நீட்டினான்.

"பியூக்கை நீ ஓட்டு. சவ வண்டிக்கு அடுத்தது நீதான்."

"நீயே ஓட்டு, ராய்ஸ்."

"என் பிக்கப் வண்டில பிள்ளைங்க ஏறியாச்சு. அதுவும் இல்லாம, அது உன் கார்."

"என் காரா?"

"உன் கார்தான். போன வசந்தத்துல அம்மா லைசென்ஸ் ஆபீசுக்குப் போய் எழுதி வச்சுட்டு வந்துட்டாங்க. அவங்க கண்ண மூடினா வண்டி நேரா உனக்கு. கோர்ட்டு, வக்கீல் ஒண்ணும் வேண்டாம். மூக்குல குழாயோட, ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கிட்டு அந்த வரிசையில நின்னாங்க, கெண்ட். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு."

சில நாட்களாகவே கெண்ட்ராவுக்கு எதுவும் உறைக்கவில்லை. அம்மாவின் விரல்கள் குளிர்ந்துபோனதும் உறைக்கவில்லை. சவப்பெட்டிக்குள் விரிக்கும் பட்டு வெள்ளையா வெளிர்நீலமா என்று கேட்டதும் உறைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டினாள். இப்போது அண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தது. வண்டி அவளுக்கு. அவள் இரண்டு கைகளையும் மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"நான் ஓட்ட மாட்டேன்."

"என்ன இது? எல்லாரும் பாக்கறாங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அம்மாவின் தங்கை வெர்லீன், பக்கத்திலிருந்தவளிடம் சொல்வதுபோல் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. இப்போ பெத்தவ வண்டியில கை வச்சா அழுக்கு ஒட்டிக்குமாக்கும் மகாராணிக்கு!"

கடைசியில் ராய்ஸின் மனைவி டாமி சாவியை வாங்கிக்கொண்டு போனாள். கெண்ட்ரா யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரரின் காரில், பின்னிருக்கையில், ஒரு பூச்சாடியை மடியில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டம் போய்ச் சேர்ந்தாள். எதிரே வந்த வண்டிகள் ஒதுங்கி நின்றன. ஒரு டிராக்டர்க்காரர் தொப்பியைக் கழற்றினார். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். யாருடைய ஊர்வலம் என்று ஒரு கணம் மறந்துபோயிற்று.

அவள் ஏன் ஓட்டவில்லை என்பதற்கு, சில வருடங்கள் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தின் தென்மூலையில், டன்லாப் கவுண்டி என்கிற மாவட்டத்தில், வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சூப் ஊட்டும் வேலை அவளுடையது. ஒரு பழைய ஃபோர்டு கார் வைத்திருந்தாள். ஒருமுறை முதலாளி சம்பளத்தை இழுத்தடித்தார். வங்கியில் பணமில்லாமல் காப்பீட்டுத் தவணை திரும்பிப் போயிற்று, பாலிசி செத்தது. சம்பளம் வந்ததும் கட்டிவிடலாம் என்றிருந்தாள். அதற்குள், மளிகைக்கடை வாசலில் காரைப் பின்னால் எடுக்கும்போது, நின்றிருந்த ஒரு பிக்கப்பில் இடித்துவிட்டாள். பம்பர் நெளிந்தது. யார் மேலும் ஒரு கீறல் இல்லை. ஆனால் காப்பீடு இல்லாமல் இடித்தவள் என்றாகிவிட்டது. ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். பம்பருக்கும் அபராதத்துக்கும் காரை விற்றாள். வீடு வீடாகப் போகிற வேலையும் போயிற்று.

டன்லாப் கவுண்டியில் பேருந்து கிடையாது. ரயில் உண்டு, சரக்கோடு வந்து நிற்காமல் போய்விடும். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே நெடுஞ்சாலை, அதன் ஓரத்தில் பள்ளம், நடக்க இடமில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவருடைய உரிமத்தைப் பிடுங்குவது காலைப் பிடுங்குவது. அதே கோடையில் ஒரு பெரிய பண்ணைக்காரரின் மகன் குடித்துவிட்டு, புது டிரக்கை சோயா வயலில் குப்புறக் கவிழ்த்தான். வக்கீல் வந்தார், பணம் கட்டினார்கள், அறுவடைக்குள் பையன் மறுபடி சாலையில் இருந்தான். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்கிறார்கள். ஒன்றுதான். அவனுக்கு அது ஒரு ரசீது, இவளுக்கு அது வேலை, வாடகை, சாப்பாடு. இதை ஒரே நீதி என்று சொல்ல வெட்கமில்லாத நாக்கு வேண்டும்.

உரிமம் திரும்ப வேண்டுமானால், ஒரு காப்பீட்டு நிறுவனம் இவளுக்காக அரசிடம் உத்தரவாதம் பதிய வேண்டும். அது இரண்டு வருடம் அறுபடாமல் ஓட வேண்டும். நடுவில் ஒரு நாள் அறுந்தாலும் உரிமம் போகும், கணக்கு மறுபடி முதலிலிருந்து. கெண்ட்ரா தொலைபேசியை எடுத்தாள்.

"என்ன கார், மேடம்?"

"கார் இல்ல."

"வாங்கப் போறீங்களா?"

"இல்ல."

"அப்போ எதுக்கு இன்சூரன்ஸ்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

சிலர் சிரித்தார்கள். சிலர் வைத்துவிட்டார்கள். விலை சொன்னவர்கள் அவளுடைய வாடகையை எட்டிப் பிடிக்கிற விலை சொன்னார்கள். கடைசியாக, துணி துவைக்கும் கடைக்கும் புகையிலைக் கடைக்கும் நடுவே ஒரு சின்ன அலுவலகத்தில் மார்வாவைக் கண்டுபிடித்தாள். கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கவிட்ட, எந்நேரமும் இருமல் மிட்டாய் சப்பும் பெண்.

"வண்டி இல்லாதவங்களுக்குன்னே ஒரு பாலிசி இருக்கு, கண்ணு. அடுத்தவங்க வண்டிய எப்பவாச்சும் ஓட்டினா அதுக்கு மட்டும். மத்தவங்க சொன்னதுல கால்வாசிகூட ஆகாது."

"அவங்க யாரும் இதைச் சொல்லலியே?"

"கமிஷன் சொற்பம். எதுக்குச் சொல்றாங்க? எனக்கும் சொற்பம்தான். ஆனா எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் வேணும். நல்லா கேட்டுக்கோ. பணம் தப்பினா நான் அரசாங்கத்துக்குச் சொல்லியே ஆகணும், அழுதாலும் விட முடியாது. நீ இருக்கற வீட்டுல யாருக்கும் வண்டி இருக்கக் கூடாது. அப்புறம், உன் பேருல ஒரு வண்டி வரவே கூடாது. வந்துச்சோ, இந்தப் பாலிசி அன்னிக்கே போச்சு."

"எனக்கு யாரு வண்டி தரப்போறா?"

இருவரும் சிரித்தார்கள்.

கூடத் தங்கியிருந்த தோழிக்குக் கார் இருந்தது. அதனால் கெண்ட்ரா அங்கிருந்து கிளம்பி, முதியோர் இல்லத்துக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றுக்கு மாறினாள். உரிமம் வந்தது. இல்லத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவியவளுக்கு, பிறகு அதன் வேனை ஓட்டும் வேலை கிடைத்தது. சிறுநீரகம் கெட்டவர்களை ரத்தம் சுத்திகரிக்க நகரத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும். சம்பளம் கூடுதல், மருத்துவக் காப்பீடும் உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: உரிமம் உயிரோடு இருக்க வேண்டும். தவணை தப்பாமல் கட்டினாள். சினிமா, புதுச் செருப்பு, பல் மருத்துவர் மூன்றையும் தள்ளிப் போட்டாள்.

அம்மாவிடமும் அண்ணனிடமும் சொல்லவில்லை. எஞ்சின் போச்சு, வித்துட்டேன் என்றாள். ஓலீட்டா அம்மாள் அதை நம்பினாள். மகளுக்கு ஒரு கார் வாங்க வழியில்லையே என்று அந்த ஆக்சிஜன் சிலிண்டரின் பக்கத்தில் உட்கார்ந்து மனம் நொந்துகொண்டிருந்திருக்கிறாள். அப்புறம் தன்னால் முடிந்ததைச் செய்தாள்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. பன்றித் தொடை, சீஸ் போட்ட உருளைக்கிழங்கு, சர்க்கரை கரைத்த குளிர்ந்த தேநீர். ராய்ஸ் தட்டை வைத்துக்கொண்டு தங்கையின் எதிரே உட்கார்ந்தான்.

"இப்போ சொல்லு."

அவள் சொன்னாள். பம்பர், உரிமம், மார்வா, ஒற்றை அறை, எல்லாவற்றையும், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல். ராய்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"நில்லு. கார் இல்லாதவ இன்சூரன்ஸ் கட்டணும். கட்டறதுனால கார் வச்சுக்கக் கூடாது. இதை எந்த மடையன் எழுதினான்?"

"கார் வச்சுக்கலாம். நாலு மடங்கு கட்டினா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"கத்தியிருப்பேன்."

"அதான்."

வெர்லீன் கேக்குத் துண்டுகளோடு வந்தவள் பாதியைக் கேட்டுவிட்டாள். "ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்க வேண்டியதுதானே? ஒரு காரை வேண்டாம்னு சொல்றதுக்கு இவ்வளவு காரணமா? எங்க காலத்துல யாராச்சும் செருப்பு குடுத்தாலே..."

"சித்தி," என்றான் ராய்ஸ், "கேக்கை வச்சுட்டுப் போங்க."

மறுநாள் கெண்ட்ரா மார்வாவின் எதிரே உட்கார்ந்தாள். மார்வா அவளுடைய அம்மாவுக்காக ஒரு நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"கார் சொந்தக்காரியா புது பாலிசி போடலாம். உன் ரெக்கார்டுக்கு என்ன விலை வரும்னு பாக்கறியா?" திரையைத் திருப்பிக் காட்டினாள்.

கெண்ட்ரா பார்த்தாள். "அது என் வாடகை."

"தெரியும்."

"வித்துடறேனே?"

"விக்கணும்னா முதல்ல உன் பேருக்கு மாத்தணும். மாத்தினா நீ வண்டிக்காரி."

"அண்ணன் பேருல இருந்து, நான் ஓட்டினா?"

"என்னிக்காச்சும் ஒருநாள்னா சரி. உன் வாசல்ல நின்னுச்சுன்னா அது உன் வண்டிதான்னு கம்பெனிக்காரன் சொல்லுவான். ஒரு விபத்துன்னா கைகழுவிருவான்." மார்வா குரலைத் தாழ்த்தினாள். "வேண்டாம்னு எழுதிக் குடுக்க வழி இருக்கு, கண்ணு. அதுக்கு வக்கீலைக் கேட்டுக்கோ. அதுவரைக்கும் வண்டியத் தொடாத."

"இன்னும் கொஞ்ச மாசம்தான் பாக்கி."

"அதனாலதான் சொல்றேன். இப்போ அறுந்தா இத்தனை நாள் கட்டினதும் வீண்."

கெண்ட்ரா கணக்குப் போடவில்லை. போட வேண்டிய கணக்கு எதுவும் மிச்சமில்லை. உரிமம் போனால் வேன் வேலை போகும், அது போனால் அறை போகும், அறை போனால் நடந்தே போய்ச் சேருகிற வேலையும் இல்லை. ஒரு தாய் தன் கடைசி மூச்சை மிச்சம் பிடித்து மகளுக்கு ஒரு வண்டி கொடுக்கிறாள். அதை வாங்கினால் மகள் நடுத்தெருவுக்கு வருவாள். எந்தத் தெய்வத்தின் சாபமும் இல்லை இது. கட்டடத்துக்குள் உட்கார்ந்து, கழுத்துப்பட்டை கட்டிய மனிதர்கள், நல்ல மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதியது. மனிதர்கள் எழுதியதை மனிதர்கள் அழிக்கலாம். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் டன்லாப் கவுண்டி நெடுஞ்சாலையின் பள்ளத்தில் நடக்க வேண்டிய தேவை வரவில்லை.

வக்கீல் எழுதிக் கொடுத்தார். வங்கியில் சாட்சி முத்திரை வைக்கிற பெண் சத்தமாகப் படித்தாள்: இந்த வாகனத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை, இனி எப்போதும் உரிமை கோரமாட்டேன். "உங்க சொந்த விருப்பத்துலதானே, மேடம்?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

கூட வந்திருந்த ராய்ஸ் வாயைத் திறந்தான். கெண்ட்ரா முந்திக்கொண்டாள். "ஆமாம்."

வெளியே வந்ததும் ராய்ஸ் நடைபாதையிலேயே நின்றுவிட்டான். "அம்மா இதைப் பாத்திருந்தா..."

"பாக்கல, ராய்ஸ். எனக்கு ரெண்டு மணிக்கு டிரிப் இருக்கு."

பியூக் அண்ணனுக்குப் போயிற்று. டாமி அதை ஓட்டினாள். ஒருமுறை, நகரத்து மருத்துவமனை வாசலில் ஆல்வி கிழவரின் சக்கர நாற்காலியை இறக்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் கார் சாலையில் போவதைக் கெண்ட்ரா பார்த்தாள்.

"யாரு? தெரிஞ்சவங்களா?" என்றார் கிழவர்.

"அண்ணன் வீட்டு வண்டி."

"நல்ல வண்டி. இப்பல்லாம் அப்படி யாரு பண்றா? இப்ப வர்றதெல்லாம் சோப்பு டப்பா."

"காலைத் தூக்கி வைங்க, மிஸ்டர் ஆல்வி."

இரண்டு வருடம் முடிந்தது. கெண்ட்ராவே போய்க் கேட்கவில்லை. மார்வாதான் கூப்பிட்டு வரச் சொன்னாள். மேசையில் ஒரு சின்னக் கேக் வாங்கி வைத்திருந்தாள்.

"முடிஞ்சது, கண்ணு! இனிமே நீயும் ஊர்ல எல்லாரையும் போலத்தான். உன் அண்ணன்கூட போன் பண்ணினார். அவர் சம்சாரம் புது வண்டி வாங்கிட்டாங்களாம். பியூக் சும்மா நிக்குதாம், நீ எடுத்துக்கலாமான்னு கேட்டார். தாராளமா எடுத்துக்கலாம்னேன். இந்தப் பாலிசிய நிறுத்திரட்டுமா?"

கெண்ட்ரா கேக்கைப் பார்த்தாள். "நிறுத்தினா ஏதாச்சும் வருமா?"

"என்ன வரும்?"

"அரசாங்கத்துக்கிட்ட இருந்து. மறுபடி."

"எதுவும் வராது."

"நிச்சயமா?"

"நிச்சயமா. இங்க பாரு, போட்டிருக்கு."

மார்வா திரையைத் திருப்பினாள். கெண்ட்ரா படித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் பர்ஸைத் திறந்து வங்கி அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னும் ஒரு மாசத்துக்குப் போடு."

"எதுக்கு? கார்கூட இல்லியே உனக்கு."

"தெரியல. போடு."

"அப்போ பியூக்?"

"இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

மார்வா மிட்டாய் சப்புவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு அட்டையை எடுத்து இயந்திரத்தில் செருகினாள்.