சபைகூடலில் கைகூப்பாத பிள்ளை

மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. திங்கட்கிழமை காலை பள்ளி முழுதும் வரிசையில் நிற்கும் சபைகூடலில் தேவாரம் பாடித் தொடங்கிவைப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. முன்பொரு சமயம் என்னுடைய நான்காம் ஆண்டு வகுப்பில் மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். தமிழில் அவளைப்போல் கட்டுரை எழுத அந்த வகுப்பில் ஆள் இல்லை. தேவாரத்தின்போது மட்டும் கைகளைத் தொங்கவிட்டு, வாய் திறக்காமல் நிற்பாள்.

"அந்தப் பிள்ளைய கொஞ்சம் பாருங்க டீச்சர். வரிசையில அது மட்டும் தனியா தெரியுது" என்றார் தலைமையாசிரியர்.

அடுத்த திங்கள், பாடிக்கொண்டே வரிசைக்குள் போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்து வைத்தேன். நான் விட்ட பிறகும் அவள் பிரிக்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அவள் அம்மா வந்தார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மருத்துவமனையில் தாதி. வேலைக்குப் போகும் வழியில் சீருடையோடு வந்திருந்தார்.

"பாடறப்ப அவள பின்னால நிக்க விடுங்க டீச்சர். அது போதும்."

"இதுல மதம் எங்கக்கா இருக்கு? நம்ம பண்பாடு லா. நீங்களும் தமிழர்தானே?"

"தமிழர்தான். அதனாலதான் இந்த ஸ்கூலுக்கு அனுப்பினேன்."

ஒரு பிள்ளைக்காக மாற்ற முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதே ஆண்டுதான் என் மகன் மலாய்மொழியில் நடக்கும் தேசிய இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தான். அங்கே சபைகூடலில் முஸ்லிம்களின் பிரார்த்தனையான துஆ ஓதும்போது எல்லாரையும்போல உள்ளங்கைகளை ஏந்தச் சொன்னார்களாம். கொதித்துப்போய் நேரில் போனேன். அவனுடைய வகுப்பாசிரியை நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, ஒழுங்குக்காகத்தான், நல்ல வார்த்தைகள்தானே, கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று மலாய்மொழியில் அமைதியாகக் கேட்டார். திரும்பும்போது காரில் நான் கத்திக்கொண்டே வந்தேன்.

"நீயும் அந்தத் தாதிகிட்ட இதத்தானே சொன்ன?" என்றார் கணவர்.

"அது வேற, இது வேற" என்றேன். என்ன வேறு என்று அவர் கேட்கவில்லை.

ஆண்டு இறுதியில் அந்தப் பெண்ணை அவள் வீட்டார் சீனமொழிப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றல் தாளில் காரணம் 'வீடு தூரம்' என்றிருந்தது. வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

சில ஆண்டுகள் கழித்து காய்கறி வாங்கப் போன காலைப் பாசாரில் தாயையும் மகளையும் பார்த்தேன். நன்றாக வளர்ந்திருந்தாள். "எப்படிம்மா இருக்க? இன்னும் கட்டுரை எழுதுறியா?" என்று கேட்டேன். ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அவளுக்குத் தமிழ் விட்டுப்போச்சு டீச்சர்" என்றார் அம்மா. கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

போன மாத ஆசிரியர் கூட்டத்தில், தேவாரத்துக்குப் பதிலாக ஒரு நிமிட மௌனம் வைக்கலாம், அவரவர் சாமியை அவரவர் கும்பிடட்டும் என்றேன். "டீச்சர் இப்ப சர்ச்சுக்குப் போறாங்களா?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து, ஏன் ஆண்டுக்காண்டு பிள்ளைகள் குறைகிறார்கள் என்று பேசத் தொடங்கினார்கள்.

தேவாரம் பாடும் பொறுப்பை இன்னொரு ஆசிரியைக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த திங்கள் நான் வரிசைகளுக்குப் பின்னால் போய் நின்றேன்.