பைன் வாசம்

ஆஸ்பத்திரி வார்டைத் துடைப்பவள் பைன் எண்ணெய்ப் பினாயிலை ஊற்றியதும், மேலப்பாளையம் வீட்டில் உம்மா வைத்திருந்த டர்பன்டைன் பாட்டில் நினைவுக்கு வந்தது. அதுவும் பைன் மரத்திலிருந்து வருவதுதான்.

தறிக்குழியில் மிதிகட்டை கீறி, கைத்தறி நெய்த வாப்பாவின் காலில் புண். சர்க்கரை நோய்க்காரர் என்பதால் வலி தெரியவில்லை. மாட்டுப் புண்ணுக்கு ஊற்றுவதைப்போல உம்மா தினமும் டர்பன்டைன் ஊற்றினாள். "கிருமி அம்புட்டும் செத்துரும்" என்பாள். வாப்பா கட்டுத்துணியை மோந்து பார்ப்பார். "நாத்தமே இல்ல, ஆறிட்டு வருது" என்று மறுபடி குழியில் இறங்கிவிடுவார்.

பெருநாளன்று கடையெல்லாம் அடைப்பு, பாட்டிலும் காலி. சாயங்காலத்துக்குள் வீடே நாறியது. ஆஸ்பத்திரியில் காலை வெட்டி எடுத்தும் வாப்பா பிழைக்கவில்லை.

"இப்ப நாத்தமே இல்லல்லா அண்ணாச்சி?" என்றாள் துடைப்பவள்.

சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்ட என் காலைப் பார்த்தேன்.

"என் கட்டில் பக்கம் மட்டும் ஊத்தாதம்மா."