பெங்களூர் தெரியாத உச்சி

ஞாயிறு காலை ஆறு மணி, ஓசூர் பஸ் நிலையம். மலையேறப் போகிறவன் முகத்தில் உற்சாகம் இருக்க வேண்டும். என் முகத்தில் இருந்தது எரிச்சல், அதிலும் பாதி என்மேலேயே. பெட்டமுகிலாளம் மலைக்கிராமத்துக்கு அப்பாலுள்ள உச்சிக்கு இரண்டு தடவை ஏறியிருக்கிறேன், அங்கிருந்து பெங்களூரே தெரியும் என்று கம்பெனி கேன்டீனில் அளந்தவன் நான்தான். உண்மையில் நான் ஏறிய அதிகபட்ச உயரம் மத்திகிரி வாடகை வீட்டின் மொட்டை மாடி.

அதை நம்பி, என்னோடு வேலை செய்யும் ஜெகன் சனிக்கிழமை தனியாகக் கிளம்பிவிட்டான். மதியம் ஒரு செய்தி வந்தது: "மேல வந்துட்டேன்ணா. பெங்களூர் தெரியலயே?" அதோடு போன் அணைந்தது. இரவும் திரும்பவில்லை. அவனுக்கு ஆஸ்துமா. அவன் தன் அறையிலேயே விட்டுப்போன இன்ஹேலர் இப்போது என் சட்டைப் பையில். சட்டை, கம்பெனிக் காக்கி. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியட்டும் என்று யோசித்துப் போட்டது.

தேன்கனிக்கோட்டைக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். அங்கே போலீஸில் சொன்னேன், மலையின் மறுபக்கச் சரிவுக்கு ஆள் அனுப்பினார்கள். நான் ஆயிரத்தைந்நூறுக்கு ஜீப் பிடித்தேன். பழக்கதோஷம், டிரைவரிடமும் அந்த இரண்டு தடவைக் கதையைச் சொல்லித் தொலைத்தேன். ரோடு பிரியும் முதல் இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க சார், லெஃப்டா, ரைட்டா?"

"அப்ப இந்த ரோடே இல்லீங்க" என்றேன்.

ஒன்பதரை மணி. மலையடி ஊரில் மாதப்பா வழிகாட்ட வந்தார். கன்னடம் பேசுபவர், வெறுங்கால், அறுபது வயதிருக்கும். ஓட்டமாக ஏறினார். எனக்குக் கூப்பிடக்கூட மூச்சில்லாததால் அவரே கையைக் குவித்துக் கன்னடத்தில் அதட்டினார்: "யாரோ அல்லி? நில்லோ!" யாருடா அங்கே, நில்லுடா என்று அர்த்தம்.

பதினொரு மணிக்கு ஒரு பாறையடியில் பிஸ்கட் கவரும் புதுக் காலடியும் கண்டோம். மாதப்பா குனிந்து பார்த்தார்.

"இங்கதான் குந்தினு இருந்திருக்கான். நாம கூப்புட்டதும் மேல ஓடறான் சாமி."

"காப்பாத்த வந்தா ஓடறானா!"

மூச்சு முட்டும் பிள்ளை ஓடுகிறான் என்றதும் சட்டைப் பையில் இன்ஹேலர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இன்னும் வேகமாக ஏறினோம். மாதப்பா இன்னும் பலமாக அதட்டினார். காலடித் தடம் இன்னும் தள்ளித் தள்ளிப் போனது.

பன்னிரண்டரைக்கு என் செருப்பு அறுந்தது. அப்படியே உட்கார்ந்து ஆரம்பித்தேன். "காலைலேர்ந்து ஒரு இட்லி இல்ல! கால்ல முள்ளு! இதுக்கு அந்தக் கேன்டீன் சாம்பாரே தேவலாம், கழனித்தண்ணிய சுட வச்சு ஊத்துறானுங்களே, அதே தேவலாம்!"

உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து, இழுப்புக்கு நடுவே ஒரு குரல்: "அண்ணா... நீங்களா?"

உதடு வெளுத்து ஜெகன் ஊர்ந்து வந்தான். நான் கொடுத்த இன்ஹேலரை வாயில் வைத்து இரண்டு முறை இழுத்து, கொஞ்சம் பொறுத்துத்தான் பேச முடிந்தது.

"நேத்து எறங்கறப்ப வழி தப்பிடுச்சு. இன்னிக்கு எட்டிப் பாத்தா கீழ காக்கிச் சட்டை, கன்னடத்துல 'நில்லு'ன்னு சத்தம். பர்மிஷன் இல்லாம காட்டுக்குள்ள வந்ததுக்கு ஃபாரஸ்ட்காரங்க புடிக்க வராங்க, கேஸ் ஆனா வேல போயிடும்னு ஓடினேன். சாம்பாரத் திட்டின பின்னாடிதான் நீங்கன்னு தெரிஞ்சுது."

மலையில் ஆள் தேடுவோருக்கு என் அனுபவக் குறிப்பு: நான் வராமலிருந்தால் அவன் காலையிலேயே கிடைத்திருப்பான்.

நான்கு மணிக்கு, இறங்கும் வழியில், ஒப்புக்கொண்டேன். "டேய், நான் இங்க ஏறினதே இல்லடா."

"நேத்து மேல நின்னப்பவே தெரியும்ணா" என்றான். என் மூச்சிரைப்பைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இன்ஹேலரை நீட்டினான். "நீங்களும் ஒரு தடவ இழுத்துக்கறீங்களா?"