ஊட்டிக் குதிரையும் சம்பந்தியம்மா வாங்குன வர்க்கியும்

குதிரைப் பந்தயம் பாக்கறதுன்னா எனக்கு உசுருங்க. நல்லூர்ல எங்க வீதிப் பொம்பளைங்க கேட்டாச் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். கோயிலுக்குப் போறவீங்க போறாங்க, சினிமாவுக்குப் போறவீங்க போறாங்க. நான் மே மாசமானா ஊட்டிக்குக் குதிரை பாக்கப் போவேன், அவ்வளவுதான். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என்ற பேத்தி எழுதறா, மக வயித்துப் பேத்தி. இவ எழுதறதுல ஒரு சங்கடம் இருக்குது. அதைப் பொறகு சொல்றேன்.

மொத மொத போனது என்ற பொம்பளப் புள்ளைக்குக் கண்ணாலம் ஆன வருசம். ரெண்டாயிரம் பொறந்து ஒண்ணு ரெண்டு வருசம் இருக்கும். அவிநாசிபாளையத்துல குடுத்திருந்தமுங்க. மாப்பிள்ளை ஊட்டை ஒட்டி ஒரு கொட்டாய் போட்டு, பவர் டேபிள் மிசின் வெச்சு பனியன் தெச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு ஊட்டுக்காரங்களும் சேந்து வேன் புடிச்சு, ஊட்டியில பூக் கண்காட்சி பாக்கப் போனம். எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் முட்டி வலி. மேடேற முடியாது. பஸ் ஸ்டாண்டுலயே சித்தெ உக்காந்திருங்கன்னு சொல்லிப்போட்டு எல்லாரும் பூப்பாக்கப் போயிட்டாங்க. அந்த பஸ் ஸ்டாண்டை ஒட்டுனாப்புலதான் குதிரை ஓடற மைதானம் இருக்குது.

நாங்க என்னத்தைக் கண்டம். கம்பி வேலி ஓரமாக் கூட்டமா இருந்துச்சு, போய் நின்னம். வெள்ளைக்காரன் காலத்துல இருந்து இங்க ஓடுதுன்னு கடலை விக்கறவரு சொன்னாரு. திடீர்னு காலுக்கடியில மண்ணு அதுருது. பாத்தா ஒரு கூட்டம் குதிரை, மேல குச்சியாட்டம் ஆளுங்க, ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கலர்ல பளபளன்னு சட்டை. அப்பிடியே மூஞ்சிக்கு முன்னால காத்தாட்டம் போச்சுங்க. எனக்கு வாயி தொறந்தது மூடலை. பக்கத்துல சம்பந்தியம்மா என்ற கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "சம்பந்திங்க, இன்னொருக்கா ஓடுமுங்களா?"ன்னாங்க. அந்தக் கையைப் புடிச்சதுதான், அப்பறம் வருசா வருசம் நாங்க ரெண்டு பேருமே கிளம்பிப் போக ஆரம்பிச்சம்.

அவீங்க அவிநாசிபாளையத்துல பஸ் ஏறி வருவாங்க, நான் நல்லூர்ல இருந்து வருவேன். திருப்பூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டுல சேந்துக்குவம். கட்டுச்சோறு, தண்ணி, முட்டிக்குத் தைலம். குளுருக்குக் காதர்பேட்டையில செகண்ட்ஸ்ல வாங்குன தொப்பி வெச்ச ஸ்வெட் சர்ட் ரெண்டு. லண்டனுக்குப் போக வேண்டியது, தையல் கோணலாப் போனதுல இங்கயே நின்னுபோச்சாம். சேலைக்கு மேல அதை மாட்டிக்கிட்டு வேலியோரம் நிப்பம். நெஞ்சுல பெருசா இங்கிலீசு எழுத்து. என்ன எழுதியிருந்துச்சோ, ஒரு கோட்டுக்காரரு படிச்சுப்போட்டு, பொண்டாட்டியைக் கூப்புட்டுக் காட்டிச் சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சம். நல்ல மனுசன்.

பந்தயம் கட்டறதெல்லாம் கிடையாதுங்க. எங்க ஊட்டுல அதெல்லாம் ஆகாது. வேடிக்கைதான். ஆனா ஒரு குதிரையை நம்மளதுன்னு புடிச்சுக்கோணும், இல்லாட்டி பாக்கறதுல ருசி இல்லை. மொத வருசமே நான் சொல்லிப்போட்டேன்: "ரெண்டு பேரும் ஒரே குதிரையப் புடிச்சுக்கலாமுங்க. தோத்தாலும் ஒண்ணாத் தோப்பம்." அவீங்க, "உங்களுக்கு எது தோணுதோ எனக்கும் அதேதானுங்க"ன்னாங்க. பேரெல்லாம் இங்கிலீசுல மைக்குல சொல்லுவாங்க, நமக்கெங்க புரியுது. மேல இருக்கறவன் சட்டைக் கலரை வெச்சுத்தான் கணக்கு. நான் பனியன் கம்பெனியில துணி செக்கிங்ல இருந்தவ, கலர் எனக்கு அத்துபடி. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, ராணி கலர், மயில்கழுத்து. நான் ஒரு கலர் சொல்லுவேன், அவீங்க தலையாட்டுவாங்க. அப்பறம் ரெண்டு பேரும் தொண்டை கிழியக் கத்துவம். நான் கத்துவேன். அவீங்களும் கத்துவாங்கன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

எங்க குதிரை தோத்தா எனக்கு மொகம் செத்துப்போகும். அப்ப அவீங்க என்ன பண்ணுவாங்க தெரியுமுங்களா, சந்தைப்பக்கம் போய் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கோத்து வாங்கிக்கிட்டு வருவாங்க. "சாப்புடுங்க சம்பந்தி, அடுத்த வருசம் ஜெயிக்கும்"னு சொல்லி எனக்கு எடுத்துக் குடுத்து, அவீங்களும் மொறுமொறுன்னு நல்லாச் சாப்புடுவாங்க. இந்த மாதிரி மனசு யாருக்கு வரும்னு நான் வீதி பூராச் சொல்லியிருக்கறேன். எங்க குதிரை ஜெயிச்ச வருசத்துல மட்டும் அவீங்களுக்குத் தலைவலி வந்துரும். மலைக்காத்து ஒத்துக்கலை சம்பந்தின்னு கண்ணை மூடிப் படுத்துக்குவாங்க. பாவம்னு நான் தைலம் தேச்சு உடுவேன்.

அப்பிடியே ஓடிக்கிட்டு இருந்துச்சுங்க. ஒரு வருசம் எங்களுது மாம்பழ மஞ்சள். கடைசி வளைவு திரும்பறப்ப மஞ்சளும் ராணி கலரும் ஒட்டிக்கிட்டு வருது. நான் "வா சாமி, மஞ்ச வா"ன்னு கத்தறேன். பக்கத்துல முட்டி வலிக்காரச் சம்பந்தியம்மா எகிறிக் குதிக்கறாங்க. "ராணி, உடாதே. போ, போ, அந்த மஞ்சளை முந்து"ன்னு. எனக்குக் காதுல உழுந்தது மனசுல உழுகறதுக்குள்ள குதிரை தாண்டிப் போயிருச்சு. ராணிதான் ஜெயிச்சுது. அவீங்க கையைத் தட்டிக்கிட்டே திரும்புனவீங்க, என்ற மூஞ்சியப் பாத்துத் தட்டறதை நிறுத்திப்போட்டாங்க.

"வாய் தவறிருச்சுங்க சம்பந்தி."

"ஒருக்காத் தவறுனா தவறுனதுங்க. மஞ்சளை முந்துன்னு வேற சொன்னீங்களே."

அவீங்க போய் வர்க்கி வாங்கிக்கிட்டு வந்தாங்க.

திரும்பி வர்ற பஸ்ஸுல மேட்டுப்பாளையம் எறங்கற வரைக்கும் அத்தனை வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் அவீங்க என் மேல சாயறாங்க, நான் அவீங்க மேல சாயறேன். அந்த நேரத்துல பக்கத்துல உக்காந்து வரோணும்னா எப்பிடியிருக்கும் பாத்துக்குங்க. குன்னூர் தாண்டித்தான் கேட்டேன்.

"எத்தனை வருசமாங்க இது?"

"மொத வருசமே எனக்குப் புடிச்சது வேறதானுங்க. நீங்க வெள்ளைச் சட்டைன்னீங்க. எனக்கு அந்தக் கறுப்புச் சட்டை மேல கண்ணு."

"சொல்றதுக்கென்னங்க?"

"பொண்ணைக் குடுத்தவீங்க, ஆசையாச் சொல்றீங்க. மூஞ்சிக்கு நேரா இல்லீங்கன்னு எப்பிடிங்க சொல்றது? மரியாதையா இருக்குமுங்களா?"

அந்த எடத்துல மடியில இருந்த வர்க்கியப் பாத்தேன். இத்தனை வருசம் எனக்கு ஆறுதலுக்கு வாங்குனதுன்னு தின்னிருக்கறேன். அவீங்க குதிரை ஜெயிச்சதுக்கு வாங்கித் தின்னது. நான் மொகஞ்செத்து உக்காந்திருக்க, எனக்கும் ஒண்ணு குடுத்து. தலைவலின்னு படுத்ததெல்லாம் நான் ஜெயிச்சதைப் பாக்கச் சகிக்காம.

இங்க பேத்தி பேனாவை வெச்சுப்போட்டா. அவளுக்கு அவீங்க அப்பாயி, அப்பனைப் பெத்தவீங்க ஆச்சே. "அப்பாயி இப்பிடியா பண்ணுனாங்க அம்மாயி?"ங்கறா. சங்கடம்னு சொன்னேனே, இதுதான். எழுது கண்ணு, உட்டுப்போடாதே.

குதிரை போனாப் போவுதுங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது வேற. ஒரு குதிரைக்கே இத்தனை வருசம் சிரிச்ச மொகமா ஆமாங்க போட்டவீங்க, என்ற புள்ளையைப் பத்திச் சொன்னதெல்லாம் என்னங்க? "உங்க புள்ளை வெச்ச கொழம்பு ஊரே மணக்குதுங்க", "எனக்கு மருமக இல்லீங்க, மக"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க. நானும் நிம்மதியாத் தூங்குனேன். அதெல்லாம் மரியாதைக்குச் சொன்னதா, நெசமா? சண்டை போட்டுக் கேக்கவும் முடியாது. நான் இங்க வாயைத் தொறந்தா, அங்க அவீங்ககூட ஒரே ஊட்டுல சோறு ஆக்கறது என்ற புள்ளை.

அந்த வாரமே அவிநாசிபாளையம் போனேன். மக கொட்டாய்ல தெச்ச பனியன் பீஸைக் கட்டாக் கட்டிக்கிட்டு இருந்தா. மெதுவாக் கேட்டேன்.

"உங்க மாமியா உன்னைய ஏதாச்சும் சொல்றாங்களா?"

"ஒண்ணும் சொல்றதில்லம்மா. நான் எது சொன்னாலும் சரிதான் கண்ணும்பாங்க."

"அந்தச் சரிதானுக்குத்தான் எனக்குப் பயமே."

விசயத்தைச் சொன்னேன். அவ பீஸ் கட்டைக் கீழ போட்டுட்டுச் சிரிக்கறா. "ஒரு குதிரைக்காகவாம்மா இப்பிடிக் கெடந்து தவிக்கறே? உங்க ரெண்டு பேரையும் அந்தப் பந்தயத்துலயே ஓட உடோணும்." அவளுக்குச் சிரிப்பு. சமையக்கட்டுல இருந்து சம்பந்தியம்மா காப்பி கொண்டு வந்து, "உங்க புள்ளை சிரிச்சா ஊடே நெறஞ்சு போவுதுங்க"ன்னாங்க. நான் காப்பியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அடுத்த மே மாசம் அவீங்களே போன் பண்ணுனாங்க. "போலாமுங்களா சம்பந்தி?" நான் போகாம இருப்பனா? போனேன். அதே சட்டை, அதே வேலி. கலர் கேட்டாங்க. "இந்தத் தடவை நீங்க சொல்லுங்க, நானும் அதையே புடிச்சுக்கறேன்"னேன். வேலிக்கு அந்தப்பக்கம் ஒவ்வொரு சட்டையாப் பாத்தாங்க.

"கிளிப்பச்சைங்க."

"நெசமாத்தானுங்களா?"

"ஐயோ, என்ற பேரன் பேத்தி மேல சத்தியமுங்க."

சரின்னேன். குதிரைங்க திரும்புச்சு, மண்ணு அதுருது, சனங்க கத்துது. நான் குதிரையவே பாக்கலீங்க. அத்தனை தூரம் வந்து, அவீங்க வாயைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அவீங்க ஓரக்கண்ணுல என்னையப் பாத்துப்போட்டு, முந்தானையை எடுத்து வாயை இறுக்கிப் பொத்திக்கிட்டாங்க. கண்ணு மட்டும் குதிரையோடவே ஓடுது.

கிளிப்பச்சை எல்லாத்துக்கும் பின்னால, மேயப் போறாப்புல வந்துச்சு. அவீங்க கண்ணு அதுக்கு முந்தியே மொதக் குதிரையோட கோட்டைத் தாண்டிருச்சு.

"போவுது உடுங்க சம்பந்தி, இங்கயே நில்லுங்க, சித்தெ வந்தர்றேன்"னு சொல்லிப்போட்டு வெசையாப் போனாங்க. முட்டி வலிக்கு அந்த நடை நான் பாத்ததே இல்லை. திரும்பி வர்றப்ப கையில ரெண்டு பொட்டலம் வர்க்கி.