கோல் அடிக்காதவருக்குப் பொன்னாடை

“கோல் அடிக்காத ஆளுக்கு என்னத்துக்குப் பொன்னாடை?”

ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கம் ஒரு பேஸ்மென்றில், போன மாதம் இந்தக் கேள்வி எழுந்தது. கேட்டவர் எங்கள் ஊர்ச்சங்கச் செயலாளர் நித்தியானந்தன். பதில் சொல்ல வேண்டியவர் தலைவர் கனகலிங்கம் அண்ணை. இருவருக்கும் நடுவில், கையில் மட்டன் ரோல்ஸோடு நான். சங்கத்தில் எனக்குப் பதவி ஒன்றும் கிடையாது. பத்திரிகையில் எழுதுகிற ஒருவர் கூட்டத்தில் இருந்தால் நல்லது என்று கூப்பிட்டிருந்தார்கள். யாருக்கு நல்லது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

விஷயம் இதுதான். கனகலிங்கம் அண்ணைக்குப் பிக்கரிங்கில் ஒரு காஸ் ஸ்ரேஷனில் வேலை. அங்கே வழக்கமாகப் பெற்றோல் அடிக்க வரும் வெள்ளைக்கார முதியவர் ஒருவர், பேச்சுவாக்கில், தான் ஒரு காலத்தில் நம் நகரத்து ஐஸ் ஹொக்கி அணியில் விளையாடியவர் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்... அண்ணைக்கு நித்திரை போய்விட்டது.

ஏன் என்கிறீர்களா? பக்கத்து ஊர்ச்சங்கம் தங்கள் கலைவிழாவுக்கு ஒரு எம்.பி.யைக் கூட்டிவந்து குத்துவிளக்கு ஏற்றவைத்துவிட்டது. பலசரக்குக் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகைகள் அத்தனையிலும் அந்தப் படம் வந்துவிட்டது. அதற்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டாமா? எம்.பி. இன்றைக்கு இருப்பார், நாளைக்குத் தோற்பார். ஹொக்கிக்காரர்? ரொறன்ரோவில் அதற்கு மேலே ஒரு சாமி உண்டா?

ஒரேயொரு சிக்கல். சாமி, பின்னால் நின்று தடுக்கிற ஒரு டிஃபென்ஸ்மன்.

“நான் என்ர வேலையிடத்தில வெள்ளையள் எல்லாரிட்டையும் கேட்டனான் அண்ணை. உவரை ஒருத்தருக்கும் தெரியேல்லை” என்றார் நித்தி.

“டிஃபென்ஸில நிண்டவரடாப்பா. உவையை ஒருத்தருக்கும் தெரியாதுதான்.”

“சரி, எத்தினை கோல் அடிச்சவராம்?”

அண்ணை தலையைச் சொறிந்தார். “ஒண்டோ ரெண்டோ எண்டவர். அதிலயும் ஒண்டு, காலில பட்டு எங்கட பக்கத்துக் கோலுக்குள்ளையே போட்டுதாம்.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலத்தில், வேலையும் இல்லாமல், வெளியே போகவும் பயந்து, ரீவியில் ஹொக்கி பார்த்தே ஆங்கிலம் பழகியவன். அதனால் என் ஆங்கிலத்தில் இன்றைக்கும் சத்தம் கொஞ்சம் அதிகம். அந்தச் சத்தத்தைத் தமிழில் போட்டேன்.

கோல் என்பது நடந்த விஷயம். ரீவியில் திரும்பத் திரும்பக் காட்டலாம், ஸ்லோமோஷனில் காட்டலாம். ஆனால் ஒரு டிஃபென்ஸ்மன் குறுக்கே விழுந்து தடுத்தாரே... அது நடக்காமல் போன கோல். நடக்காததை எந்த ஸ்லோமோஷனில் காட்டுவது? நடக்காததற்கு யார் கைதட்டுவது? நம் அணி வெற்றிக் கிண்ணத்தைக் கண்டு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் ‘எங்கள் வரலாற்றின் மாபெரும் வீரர்கள்’ என்று ரீவியில் அடிக்கடி வரிசைப்படுத்துவார்கள். அத்தனை பேரும் முன்னாலே நின்று கோல் போட்டவர்கள். தவறிப்போய் ஒரு டிஃபென்ஸ்மன் அந்த வரிசையில் வந்தால், விசாரித்துப் பாருங்கள் — அவரும் கோல் போட்டபடியால்தான் வந்திருப்பார்!

நான் மூச்சு வாங்கினேன். நித்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“அப்ப அறிமுகவுரையை நீங்களே செய்யுங்கோ அண்ணை. அஞ்சு நிமிசம்.”

வாயைக் கொடுத்து வேலையை வாங்கிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கனகலிங்கம் அண்ணையும் நானும் பிக்கரிங்கில் அந்த முதியவர் வீட்டுக்குப் போனோம். அவர் பெயர் ஆர்ச்சி பிளம்லி. நெடிய மனிதர். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்தன. நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “என்னைத்தானா? நிச்சயமாகத் தெரியுமா? வேறு யாரையும் நினைத்துக்கொண்டு வரவில்லையே?”

தன்னைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. கூட நின்றவர்களைப் பற்றித்தான் கதை. மெல் என்று ஒருவராம். கோடைகாலத்தில் வீடு வீடாகப் பேக்கரிப் பாண் விற்பார். பனிக்காலத்தில், எதிராளி அடிக்கிற பக்குக்கு முன்னால் — பக் என்றால் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை — ஹெல்மெற்றும் இல்லாமல் விழுந்து படுப்பார். இன்னொருவர், தன் இடது பக்கத்தால் ஒரு ஈ, காக்கையைப் போகவிடாதவர். ஒரு நாள் அவரை வேறு அணிக்குக் கைமாற்றிவிட்டார்கள். பேப்பரில் ஒரு வரி.

“ஒரு வரியாவது வந்ததே” என்று பிளம்லி சிரித்தார். பொறாமையே இல்லாத சிரிப்பு.

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி டொறத்தி, தட்டை வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார்.

“ஆர்ச்சி விளையாடிய காலம் முழுக்க நான் அரங்கத்தில் இருந்திருக்கிறேன்” என்றார். “லவுட்ஸ்பீக்கரில் இவருடைய பெயரைப் பெனால்ரிக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.”

ஹொக்கி பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கோல் போட்டால் பெயரைச் சொல்வார்கள், சனம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும். பிழை விட்டுப் பெனால்ரி வாங்கினாலும் பெயரைச் சொல்வார்கள் — ‘இன்னார், இரண்டு நிமிடம்’ என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு போய், கண்ணாடிப் பெட்டிக்குள் தனியே உட்கார வேண்டும். கோல் போடாதவருக்குப் பெட்டிதான்.

“பிழை இவருடையதும் இல்லை” என்றார் டொறத்தி. “முன்னாலே நிற்கிற பெரிய பெயர்க்காரர் பக்கைக் கோட்டை விட்டுவிடுவார். எதிராளி ஓடிவருவான். இவர் அவனை எப்படியாவது பிடித்து நிறுத்த வேண்டும். பிடித்தால் பெனால்ரி.”

நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிற ஆள். “மிஸிஸ் பிளம்லி, இந்தமுறை உங்கள் கணவரின் பெயரை ஒரு நல்ல விஷயத்துக்கு மைக்கில் கேட்பீர்கள். நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டேன்.

அவர் கணவரைப் பார்த்தார். பிறகு தலைமுடியைத் தடவிக்கொண்டார். “அப்படியானால் நான் சலூனுக்குப் போக வேண்டும்” என்றார்.

போன சனிக்கிழமை, கலைவிழா. ஒரு பாடசாலை மண்டபம், வெளியே நல்ல பனி. கனகலிங்கம் அண்ணை சூட்டுக்கு மேலே ஜக்கெற்றும் இல்லாமல் பனிக்குள் நின்று, “கம், கம், கம்!” என்று கை காட்டி, பிளம்லியின் காரை மேடைக்குப் பின்வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தவைத்தார். பிரதம விருந்தினர் பனிக்குள் நடப்பதா? பிளம்லியை மேடையில் இருத்தினார்கள். டொறத்தி, அலங்கரித்த தலையோடு முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில்.

தொடங்கியது. வரவேற்புரை. தலைமையுரை. ஆசியுரை. வாழ்த்துரை. பேசிய எல்லோரும் ‘நேரத்தின் அருமை கருதி’ என்று தொடங்கினார்கள். நேரத்தின் அருமையைப் பற்றி மட்டும் எவ்வளவு நேரம் பேசலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம்முடைய பொன்னாடைக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? போர்த்துகிறவரை அழைக்கும்போது, “பிரபல வர்த்தகரும், சமூக சேவையாளரும், உங்கள் வீட்டுக் கனவை நனவாக்குபவருமான...” என்று மூச்சுவிடாமல் நீளும். போர்த்தப்படுகிறவர்? “எமது பிரதம விருந்தினர்.” முடிந்தது. பொன்னாடை போகிற தோள் முக்கியமில்லை, புறப்படுகிற கைதான் முக்கியம். வீடியோக்காரரின் லைற்றும் அந்தக் கையைத்தான் பார்க்கும்.

பிளம்லிக்கு ஒன்றன் மேல் ஒன்றாகப் பொன்னாடை விழுந்தது. கடைசியில் முகம் மட்டும் தெரிந்தது. மைக்கில் ஒவ்வொரு பெயர் வரும்போதும் டொறத்தி என் பக்கம் சாய்ந்தார்.

“இப்போது சொன்னது ஆர்ச்சியா?”

“இல்லை. அவர் வீடு விற்பவர்.”

“இது?”

“இன்சூரன்ஸ்.”

சனம் எல்லாப் பெயருக்கும் கைதட்டியது. பிளம்லியும் பொன்னாடைக்குள்ளிருந்து கையை எடுத்துத் தட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மேடையோரம் போய் நித்தியைப் பிடித்தேன்.

“நித்தி, என்னை எப்ப கூப்பிடப்போறீர்?”

“குறை நினையாதேங்கோ அண்ணை. உங்கட பேச்சை வெட்டினால்தான் ஸ்பொன்சர்மார் எல்லாரையும் மேடைக்கு எடுக்கலாம். பிந்தினால் பிள்ளையளின்ர டான்ஸ் நிண்டுபோம். பேந்து தாய்மார் என்னைக் கொண்டுபோடுவினம்!”

“அப்ப அந்த மனுசனை என்னத்துக்கு ஐசே கூப்பிட்டனாங்கள்? அந்த மனிசி சலூனுக்குப் போட்டு வந்திருக்கு. அவரின்ர பேரையாவது மைக்கில ஒருக்காச் சொல்லும்!”

“சொல்லுறன், சொல்லுறன். நீங்கள் போய் இருங்கோ.”

நித்தி சொன்ன சொல் தவறவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு தொண்டர் மேடைக்கு ஓடிவந்து அவர் காதில் ஏதோ ஓதினார். நித்தி மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு, அன்றைக்கு வேறு யாருக்கும் காட்டாத தெளிவோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“பிக்கரிங்கிலிருந்து வருகை தந்திருக்கும் மிஸ்ரர் ஆர்ச்சி பிளம்லி அவர்களே! மிஸ்ரர் ஆர்ச்சி பிளம்லி அவர்களே! உங்கள் கார் பின்வாசலில் சாப்பாடு கொண்டுவந்த வானுக்குக் குறுக்கே நிற்கிறது. தயவுசெய்து உடனடியாக அகற்றவும்!”

சாப்பாடு என்ற சொல் கேட்டதும் வெளியே நின்று கதைத்துக்கொண்டிருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். மண்டபம் அதிரக் கைதட்டல். விசில்கூட!

அறிவிப்பு முழுக்கத் தமிழ். பிளம்லிக்கு விளங்கியது பெயர் மட்டும். பெயர் வந்தது, அதோடு கைதட்டலும் வந்தது. அவர் எழுந்து நின்றார். பொன்னாடைகளுக்குள்ளிருந்து அந்தக் கோணல் விரல்களை வெளியே எடுத்து, கையை உயர்த்தினார். அவர் முகத்தை நான் மறக்கமாட்டேன்.

டொறத்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“என்ன சொன்னார்? ஆர்ச்சியைப் பற்றி என்ன சொன்னார்?”

எழுத்தாளன் என்று பெயர், ஒரு பொய் வரவில்லை! “அது வந்து... அவர் இந்த நகரத்துக்கு...” என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, மேடையில் கனகலிங்கம் அண்ணை பிளம்லியின் காதருகே குனிந்தார். உயர்ந்திருந்த கை இறங்கியது. காற்சட்டைப் பைக்குள் போய், கார்த் திறப்போடு வெளியே வந்தது.

டொறத்தி அதைப் பார்த்துவிட்டார்.

“பெனால்ரி, இல்லையா?”

“பிழை எங்களுடையது. காரை அங்கே விடச் சொன்னதே நாங்கள்தான்” என்றேன். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

“எப்போதும் வேறு யாருடையதோ பிழைதான்” என்றார் அவர். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பொன்னாடைகளோடு மேடையிலிருந்து இறங்கி எங்களைக் கடந்து போன கணவரைப் பார்த்து, “ரூ மினிட்ஸ், ஆர்ச்சி!” என்று கத்தினார். பிளம்லி திரும்பிப் பார்க்காமலே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அவர் வெளியே காரில் படிந்த பனியைத் தட்டிக்கொண்டு நின்ற நேரத்தில்தான் உள்ளே கேடயம் கொடுக்கும் நிகழ்ச்சி வந்தது. பிந்தினால் டான்ஸ் போய்விடும் அல்லவா? ஆகவே பிரதம விருந்தினருக்கான கேடயத்தை, பிரதம விருந்தினரின் சார்பில், தலைவர் கனகலிங்கம் பெற்றுக்கொண்டார். செயலாளர் கொடுக்க, தலைவர் வாங்க, லைற் இரண்டு பேரிலும் வடிவாக விழுந்தது. படம் இந்தக் கிழமைப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. பக்கத்து ஊர்ச்சங்கம் பார்த்திருக்கும்.

பிளம்லி திரும்பி வந்தபோது தனியே வரவில்லை. சாப்பாடு கொண்டுவந்த பெடியனோடு சேர்ந்து, சோற்றுப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். “பெடியனுக்குப் பாரமாக இருந்தது” என்றார். பொன்னாடையில் பனியும் குழம்பும்.

விழா முடிந்ததும் அவர்களைக் கார் வரைக்கும் கூட்டிப்போனேன். கேடயத்தை அண்ணை பின் சீற்றில் வைத்துவிட்டு, நூறு தடவை ‘சொறி’ சொன்னார். நானும் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது — நித்தியிலும், அண்ணையிலும், வாக்குக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்த என்னிலும்.

டொறத்தி கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“நீங்கள் கவலைப்படாதீர்கள். கைதட்டினார்களே” என்றார். “எங்கள் காலத்தில் பெனால்ரிக்கு ஒருநாளும் கைதட்டியதில்லை.”

பகிடிக்குச் சொன்னாரா? இல்லை. அவர் முகத்தில் பகிடி இருக்கவில்லை. கார் போய்விட்டது.

மறுநாள் நித்தி ரெலிபோன் எடுத்தார். “விழா வெற்றி அண்ணை! சொன்னபடி பேரையும் சொன்னனான்தானே?”

“ஓம் நித்தி, சொன்னீர்” என்று வைத்துவிட்டேன்.

அதனால்தான், மேடையில் கிடைக்காத என் ஐந்து நிமிடத்தை இந்தப் பத்தியில் எடுத்துக்கொண்டேன். பத்திரிகையை மடித்து வைப்பதற்கு முன்னால் நீங்களும் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். அவர் பெயரை ஒருக்கால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆர்ச்சி பிளம்லி.

காரைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம்.