மேசையின் எதிர்ப்பக்கம்

"பேரச் சொல்லு மனே. கைய மடியில வெச்சிக்கிட்டுச் சொல்லு. விரல் நடுங்கினா அவங்க விரலத்தான் பாப்பாங்க."

ஞாயிறு மத்தியானங்களில், மொன்றியலின் கோட்-டெ-நேஜ் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில், பேரின்பநாயகம் ஒத்திகை நீதிமன்றம் கூட்டிவிடுவார். அகதி விசாரணைக்குப் போகவிருப்பவர்கள் மேசைக்கு எதிரே வந்து உட்காருவார்கள். நீதிபதி அவர்தான்; தேவாலயத்தின் கீழறையில் இனாமாகக் கிடைத்த கறுப்புக் கோட்டைப் போட்டிருப்பார், கை நீளம், மடித்துவிட்டிருப்பார். யாராவது அழுதால் காத்திருப்பார். "அழலாம். அழுது முடிச்சிப்போட்டு விடையச் சொல்லு" என்பார்.

மட்டக்களப்பில் அவர் சட்டத்தரணி, நகரசபை உறுப்பினர், நீதவான் விடுமுறையில் போனால் பதில் நீதவான். எண்பத்தாறில் இங்கே வந்த பிறகு, துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். மெத்ரோ ரயிலில் சீருடைக்காரன் எவனாவது ஏறினால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் பனிக்குள் நடப்பார். வீட்டுக் கதவை யாராவது தட்டினால் குளியலறைக்குள் புகுந்து தண்ணீரைத் திறந்துவிடுவார்.

"ஐயா இண்டைக்கு மூண்டாந்தரம் குளிக்கிறார். மொன்றியலிலயே சுத்தமான ஆள்" என்பான் அறைத்தோழன் தேவதாசன். ஐயாவுக்குக் கேட்கும். வெளியே வரமாட்டார்.

இந்த ஞாயிறு அவர் கதிரையில் அல்போன்சம்மா உட்கார்ந்திருந்தாள். மன்னார்க்காரி. போன வருடம் அவரிடம் ஒத்திகை பார்த்துப்போய் விசாரணையில் தேறியவள். விடிந்தால் பேரின்பநாயகத்துக்கே விசாரணை. ஊரில், கல்லடியில், மனைவி கமலாவதி வீடு மாறி வீடு மாறி ஒளிந்திருக்கிறாள். இவரை ஏற்றுக்கொண்டால்தான் அவளை இங்கே கூப்பிடலாம்.

"ஏன் நாட்டை விட்டு வந்தனீங்கள்?"

பேரின்பநாயகம் எழுந்து நின்றார். "கனம் ஐயா, மனுதாரர் கைதான இளைஞர்களுக்காக வழக்காடியவர். ஆதலால் இராணுவம் அவரைத் தேடியது."

"இருங்கோ. எழும்பக்கூடாதெண்டு எங்களுக்குச் சொன்னது ஆர்?"

உட்கார்ந்தார். "மனுதாரரின் வீட்டை அன்று அவர்கள் சுற்றிவளைத்து..."

"ஆரந்த மனுதாரர்? எனக்குத் தெரிஞ்ச ஆளோ?"

தேவதாசன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. "கோர்ட்டில நிண்ட பழக்கம் தாயே, போகுதில்ல."

"பழக்கத்தைப் பாத்து அவங்கள் உங்களை ஏற்கமாட்டாங்கள். உங்களுக்குப் பயம் இருந்ததோ இல்லையோ?"

"அச்சத்துக்கு நியாயமான ஏதுக்கள்..."

"ஐயா." அவள் குரல் தணிந்தது. "ஆமி வீட்டுக்குள்ள வரேக்க நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன நாக்கு. அன்று தான் எங்கே இருந்தார் என்பதைக் கமலாவதிக்கு முன்னால்கூட அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நான்..." என்றார். கோட்டுக் கையை இன்னொரு மடிப்பு மடித்தார். மறுபடியும், "நான்..."

"நாளைக்கும் இப்பிடித் தடக்கினீங்களெண்டால் கமலாவதி அக்காவைக் கூப்பிடேலாது, ஐயா."

அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். "கோழிக்கூட்டுக்குள்ள" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு குளிர்ப்பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த ஒடுங்கின இடத்துக்குள் பின்பக்கமாக நகர்ந்து குந்தினார். முழங்கால்களை நெஞ்சோடு இழுத்தார். கூட்டின் கூரை இடித்தாற்போலத் தலையை ஒருபக்கம் சாய்த்தார். வலக்கையால் வாயை, மூச்சும் கேட்காதபடி, இறுகப் பொத்திக்கொண்டார்.