நான் போட மறந்த கட்டம்

தாய் வேலைக்கு ட்ரெயினிங் கிடையாது, முதல் நாளே லைனில் நிறுத்திவிடுவார்கள். ஓசூரில் யூனிஃபார்மோடு கம்பெனி பஸ் பிடிக்கும் அம்மாக்களே, உங்களுக்குத் தெரியாததா? என் மகள் ஜெனிக்கு ஒன்றரை வயதில் வாந்தியும் காய்ச்சலும் வந்த ஒரே நாளின் கதை இது.

லீவு

விடிகாலையில் சூப்பர்வைசருக்கு போன் போட்டேன். ராத்திரியெல்லாம் வாந்தி, காய்ச்சல் வேறு என்று அழாத குறையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார் மனுஷன். கேட்டுவிட்டு, "பாப்பாவுக்குத்தானே மேடம் முடியல, உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

கைமாற்று

எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், வீட்டுக்காரருக்கு வேறொரு கம்பெனியில் செகண்ட் ஷிப்ட். மதியம் பஸ் ஸ்டாப்பில் நான் இறங்க, அவர் ஏற, நடுவில் பிள்ளை கைமாறும். தோழிகளே, சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே கூத்துதான்.

நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நாள் முழுக்க பீஸைப் பார்த்து, செக் ஷீட்டில் 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போடுவதே பிழைப்பு. அதே புத்தியில், காலையில் ஒரு தாளில் கட்டம் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். காய்ச்சல், மருந்து, வாந்தி, சாப்பாடு. மதியம் அதைத் திருப்பி வாங்கியபோது எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. "வாந்தியும் நின்னுடுச்சு. டயபர்கூட மாத்த வேண்டி வரல, அவ்ளோ சமத்து!" என்றார், பஸ் படியில் நின்றுகொண்டே.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பல்

பக்கத்து வீட்டு ரத்னம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னிடம் தமிழ். ஜெனி என் தோளில் துவண்டு கிடந்தாள். செல்போனை நீட்டினேன், கை நீட்டவில்லை. போனே வேண்டாம் என்கிற பிள்ளையைப் பார்த்ததும் ஆட்டோவைக் கூப்பிட்டேன். ரத்னம்மா வாசல்வரை வந்து தைரியம் சொன்னார்: "பல்லு மொளைக்குதும்மா. ஏம் காதம்மா, ஒண்ணும் ஆகாது, எங்க வீட்டுல மூணும் இப்பிடித்தான்!"

டாக்டர்

பெருமையாகத் தாளை நீட்டினேன். டாக்டரம்மா முழுதாகப் படித்தார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. கடைசியா எப்போ யூரின் போனா?"

அதற்குக் கட்டம் இல்லை. டயபரைக் கழற்றிப் பார்த்தால், காலையில் போட்டது, உள்ளே காய்ந்த துணி மாதிரி இருந்தது. வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். நல்லவேளை, டீ பிரேக். பாவம், திணறிவிட்டார். "நீ அதுக்குக் கட்டமே போடலையேம்மா?"

அவர் மேல் வந்த கோபம் பாதியிலேயே திரும்பி என் மேல் விழுந்தது. டாக்டர் குரலை உயர்த்தவே இல்லை. "உடம்புல தண்ணி வத்தியிருக்கு. ஓ.ஆர்.எஸ். ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. ஒரு மணி நேரம் பாப்போம். போகலைன்னா அட்மிட் பண்ணி டிரிப்ஸ்தான்."

ஒரு மணி நேரம்

டயபர் போடாமலே மடியில் வைத்துக்கொண்டேன். முதல் ஸ்பூனைத் துப்பினாள். இரண்டாவதைத் தட்டிவிட்டாள். மாதாவே, இந்தப் பிள்ளையை விட்டுவிடு, வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வேண்டினேன். அப்போது என் பாக்கெட்டிலிருந்த பேனாவைப் பிடித்து இழுத்தாள். கொடுத்தேன். ஒரு வாய் குடித்தால் செக் ஷீட்டில் ஒரு கிறுக்கல். அதுதான் பேரம். என்னமோ, ஒத்துக்கொண்டாள். 'சாப்பாடு' கட்டம் நிரம்பி, 'வாந்தி' கட்டத்துக்கும் போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது மடியில் சூடாக ஏதோ பரவியது. யூனிஃபார்ம் முழுக்க ஈரம். "நனைச்சிட்டா! என் தங்கம் நனைச்சிட்டா!" என்று கத்தினேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அழுதுகொண்டே, கிறுக்கலுக்கு நடுவில் இடம் தேடி, நேரம் எழுதி, 'ஓகே' போட்டுக் கையெழுத்தும் போட்டேன். மாப்போடு வந்த நர்ஸ் நின்று பார்த்தாள். "இதுக்குமா அக்கா கையெழுத்து?"

மறுநாள்

டாக்டர் சீட்டைக் காட்டி ஒரு நாள் லீவு எடுத்து, அதற்கடுத்த நாள் வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் அக்கறையாக விசாரித்தார்: "அன்னிக்கே லீவு போட்டிருக்கலாமே மேடம், நான் வேணாம்னா சொன்னேன்?"

ஆயிரம் பீஸில் ஒரு தப்பை விடாமல் பிடிப்பவள் என்று லைனில் எனக்கு நல்ல பேர், வீட்டில் இருப்பது ஒரே பீஸ்.